இடைவேளைக்குக் காத்திருந்தவன்

இந்தச் சம்பவத்தை ஏழு வருடமாகச் சந்தேகப்பட்டு வருகிறேன். அதில் நான் மிகவும் நல்லவனாக வருகிறேன். சந்தேகப்பட அது ஒன்றே போதும். சம்பவம் நடந்த இடத்தில் நானும் இருந்தேன். ஆனாலும் அதை எனக்குச் சொன்னவள் என் மனைவி அம்சவள்ளி. அங்கேயே இருந்தவனுக்கு இன்னொருவர் எதற்குச் சொல்ல வேண்டும் என்று கேட்பீர்கள். அதைத்தான் நானும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கச்சிராயபாளையத்தில் எங்களுக்குக் கரும்பு விவசாயம். ஒரே மகள் செவ்வந்தி. டீச்சர் படிப்பு முடித்தவளுக்குக் கல்வராயன் மலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. அங்கேயே தங்க வேண்டும். எங்கள் மாடியில் நின்றால் அந்த மலை தெரியும். தெரிகிற மலைதான், ஆனாலும் அனுப்ப மனசில்லை. காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது. வேலை வந்த நாளிலிருந்து, நான் பார்க்கும்போதெல்லாம் மலை ஓரடி பின்னால் போவது போல இருந்தது. அவ்வளவுதான்.

சின்னசேலத்தில் ராஜாங்கம் என்று ஒரு மக்காச்சோள வியாபாரி தன் மகனுக்குச் செவ்வந்தியைக் கேட்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்குள் நேரில் வந்து சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் பூ வைத்துவிடலாம் என்றார். செவ்வந்தி வேலையில் சேர வேண்டியது திங்கட்கிழமை. பூ வைத்த பெண்ணை யார் மலைக்கு அனுப்புவார்கள்? அம்சவள்ளிக்குத் தெரியாமல் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிடுவது என்று தீர்மானித்தேன். என் இல்வாழ்க்கையில் நானாகச் செய்த ஒரே தீர்மானம் அது.

அதற்கு வழியையும் அம்சவள்ளியே செய்து கொடுத்தாள். கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய அரிசி மில்லை ஓய்வுபெற்ற வாத்தியார் கொளஞ்சியப்பன் அருங்காட்சியகமாக்கி வைத்திருந்தார். முதுமக்கள் தாழிகள், மலை வீடுகளின் தானியக் குதிர்கள், மூக்கு உடைந்த ஒரு நடுகல். அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே பகல் முழுக்கப் படம் போடுகிறார்களாம். பெரிய கம்பெனிகள் எடுத்தவை அல்ல. தனி ஆட்கள் கைக்காசில் எடுத்தவை, மலேசியா கனடா என்று போய்க் குடியேறிய நம் ஆட்கள் எடுத்தவை. போகலாமா என்று கேட்டாள். நான் உடனே சரி என்றேன். அது தப்பு. எதற்கும் முதலில் முனகிவிட்டுத்தான் சரி சொல்வது என் வழக்கம்.

என் கணக்கு எளிது. படம் என்றால் இடைவேளை. இடைவேளை என்றால் டீ. டீ வாங்கப் போகிறவன் அப்படியே சின்னசேலம் பஸ் ஏறினால் அரை மணி நேரம். வார்த்தையைச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து அடுத்த படத்தில் உட்கார்ந்துவிடலாம். ஏன் இவ்வளவு நேரம் என்றால், டீக்கடையில் கூட்டம்.

அம்சவள்ளி என்னைச் சுவரோரம் உட்கார வைத்து, வழியை அடைத்துக்கொண்டு தான் உட்கார்ந்தாள். ஏசி குளிர். நல்ல இருட்டு. முதல் படத்தில் மலேசியத் தோட்டத்தில் ஒரு பெண் ரப்பர் பால் எடுத்தாள். எடுத்துக்கொண்டே இருந்தாள். பாட்டு வந்தால் எழுந்து போகலாம் என்று பார்த்தேன். பாட்டு வரவில்லை. சண்டை வரவில்லை. வில்லன்கூட வரவில்லை. படம் முடிந்தது. விளக்கு எரியவில்லை. அடுத்த படம் ஆரம்பித்துவிட்டது.

"அம்சா, இடைவேளை எப்ப?"

"இந்த மாதிரி படத்துக்கெல்லாம் இடைவேளை கெடையாதாமுங்க."

"அவசரம்னா மனுசன் இன்னா பண்ணுவான்?"

"எழுந்து போவ வேண்டிதுதான். போறீங்களா? நானும் கூட வரேன்."

வேண்டாம் என்று சாய்ந்துகொண்டேன்.

இரண்டாவது படம் கனடா. ஒரு பெரியவர் ஜன்னலோரம் உட்கார்ந்து பனி கொட்டுவதைப் பார்க்கிறார். நானும் பார்த்தேன். பத்து நிமிடம் இருக்கும். பனி திரையின் ஓரத்தைத் தாண்டி மெல்ல வெளியே வந்தது. கோமுகி அணைமேல் பெய்தது. எங்கள் கரும்புத் தோகைமேல் சத்தமில்லாமல் உட்கார்ந்தது. மலை முழுக்க வெளுத்து, பின்னால் போவதை நிறுத்தி, நின்ற இடத்தில் நின்றது. பிறகு ஒரு தாழி மெதுவாக உருண்டு வந்து என் பக்கத்து நாற்காலியில் ஏறிக்கொண்டது. "உனக்கு இன்னா பயம்?" என்று கேட்டது. நான் அதற்கு நீளமாக ஒரு பதில் சொன்னேன். சொன்னது நன்றாக நினைவிருக்கிறது. என்ன சொன்னேன் என்பதுதான் நினைவில்லை.

கண் விழித்தபோது விளக்குகள் எரிந்தன. நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். சாயங்காலம் ஆகிவிட்டிருந்தது. என் தோளில் ஒரு சால்வை.

"இது ஏது?"

"இன்னாங்க இப்டி கேக்குறீங்க. சபையில உங்களுக்குப் போட்ட பொன்னாடை."

பிறகு நிதானமாகச் சொன்னாள். கனடாப் படம் எடுத்த பெண் கடைசியில் மைக்கில் பேசினாளாம். தன் தாத்தா ஊரைவிட்டுக் கிளம்பியபோது அவருடைய அப்பா 'போய் வா' என்று மட்டும் சொன்னாராம். அப்படிச் சொல்லக்கூடிய அப்பா இங்கே யாராவது உண்டா என்று கேட்டாளாம். அப்போது நான் எழுந்து நின்று, என் மகள் மலைக்குப் போகட்டும், நான் மாடியில் நின்று பார்த்துக்கொள்கிறேன் என்றேனாம். மில்லே அதிரக் கை தட்டினார்களாம்.

"எனக்குக் கண்ணு தொறந்து இருந்துதா?"

"பாதி."

தூக்கத்தில் பேசும் பழக்கம் எனக்கு உண்டு. அப்படி ஒரு பழக்கம் இருப்பதை எனக்குச் சொன்னவளும் அம்சவள்ளிதான்.

சால்வையை முகர்ந்து பார்த்தேன். எங்கள் பீரோ போலவே அந்துருண்டை வாடை. கேட்டதற்கு, மியூசியத்தில் எல்லாவற்றிலும் அந்துருண்டை போட்டுத்தான் வைத்திருப்பார்கள் என்றாள். பதில் சரியாக இருந்தது. அவள் பதில்கள் எப்போதும் சரியாகத்தான் இருக்கும். என் கவலையே அதுதான்.

"சின்னசேலத்து அண்ணனுக்கும் போன் பண்ணிட்டேங்க. இவரு சபையில வாக்கு குடுத்துட்டாரு, இப்ப கல்யாணப் பேச்சு வாணாம்னு."

ராஜாங்கம் கேட்டது இவளுக்கு எப்படித் தெரியும்?

"அதையும் நீங்கதான் சொன்னீங்க. போன வாரம், தூக்கத்துல."

வாசலில் கொளஞ்சியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டு, உங்களைப் போன்றவர்கள் நிறைய வர வேண்டும் என்றார். என்னைப் போல் பேசுகிறவர்களா, என்னைப் போல் தூங்குகிறவர்களா? கேட்கத் தைரியம் வரவில்லை.

சபையில் சொன்ன சொல்லை மாற்ற முடியுமா? திங்கட்கிழமை காலை செவ்வந்தியை மலை பஸ்ஸில் நானே ஏற்றிவிட்டேன். அடுத்த வாரத்துக்குள் செய்தி ஊர் முழுக்கப் பரவியிருந்தது. டீக்கடைத் தங்கதுரை ஒரு மாதம் என்னை எழுந்து நின்று வரவேற்றார். மகளை வெளியூருக்கு அனுப்பத் தயங்கும் அப்பாக்கள் என்னிடம் யோசனை கேட்க வந்தார்கள். அன்று என்ன பேசினேன் என்று கேட்பார்கள். சொல்வேன். ஒவ்வொரு தடவையும் பேச்சு இரண்டு வரி நீண்டது. இப்போது முழுசாகச் சொல்லப் பதினைந்து நிமிடம் ஆகிறது.

தனியாக இருக்கும்போதுதான் வதைக்கும். நான் பேசவே இல்லையென்றால் ஊர் மதிக்கிற அந்த ஆள் யார்? தாழிக்கு நான் சொன்ன பதில்தான் வாய்விட்டு வெளியே வந்ததோ? அப்படியும் இருக்கலாம் இல்லையா?

போன வாரம் செவ்வந்தி லீவில் வந்தாள். இப்போது தலைமை ஆசிரியை. சிரித்த முகமாக இருந்துவிட்டுப் போனாள். அவள் கிளம்பிய அன்று மத்தியானம் அம்சவள்ளி கூடத்தில் மல்லாக்கொட்டை உரித்துக்கொண்டிருந்தாள். எதிரில் போய் உட்கார்ந்தேன். நான் நிஜமாகவே எழுந்து நின்றேனா, இல்லை நீ கட்டிவிட்ட கதையா என்று நேராகக் கேட்டுவிட நினைத்தேன். நாலு நாள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த கேள்வி.

"இன்னாமோ கேக்க வந்தீங்க. கேளுங்க," என்றாள், தலை நிமிராமல்.

கேள்வி நாக்கு வரை வந்தது. அவள் இல்லை என்று சொல்லிவிட்டால்?

"ஒண்ணுமில்ல அம்சா. அன்னிக்கு நான் பேசினப்போ கை தட்டுனாங்கன்னு சொன்னியே, எழுந்து நின்னு தட்டுனாங்களா, உக்காந்துகினா?"