அடைத்த கட்டையும் அடியேன் கையெழுத்தும்

அன்புள்ள மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் ஆசிகளுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் இருக்கிறோம். நலமா என்பது அப்புறம், இருக்கிறோம் என்பதே பெரிய விஷயம். ஏன் என்று கீழே படித்தால் தெரியும். அங்கே நீங்களும் என் மகளும் சுகம் என்று நம்புகிறேன்.

கல்யாணமாகி மூன்று வருஷத்தில் நான் உங்களுக்கு எழுதும் முதல் கடிதம் இது. போனில் நீங்கள் "மாமா" என்று ஆரம்பிப்பதற்குள் "இதோ அத்தைகிட்டே குடுக்கிறேன்" என்று கைமாற்றிவிடுவது என் வழக்கம். "போயும் போயும் குழாய் முறுக்குகிறவனுக்கா பெண்ணைக் கொடுப்பது?" என்று அன்றைக்குக் கேட்ட வாய் அல்லவா, உங்களிடம் நேரே பேச அதற்குக் கூச்சம். அதனால்தான் பேனாவைப் பிடித்திருக்கிறேன்.

விஷயம், போன வருஷம் நீங்கள் மாட்டிக் கொடுத்த வெந்நீர் டேங்க். அதன் சேஃப்டி வால்விலிருந்து புதன்கிழமை முதல் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். "மாப்பிள்ளைக்கு ஒரு போன் போடுங்க" என்றாள் உங்கள் அத்தை. "முப்பத்தொரு வருஷம் தொழிற்சாலையில பாதுகாப்பு அதிகாரியா இருந்தவன் நான். எட்டு பாய்லரை மேய்ச்சவனுக்கு இந்த டேங்க் எந்த மூலைக்கு?" என்றேன். சூடு ஏறினால் அழுத்தம் ஏறும், அழுத்தம் ஏறினால் வால்வு கக்கும், தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். ஆகவே சூட்டைக் குறைக்கலாம் என்று குமிழைத் திருப்பினேன். கண்ணாடி போட்டிருக்கவில்லை. குறைப்பதாக நினைத்துக் கூட்டிவிட்டேன். சொட்டியது ஒழுக ஆரம்பித்தது. சரி, வால்வுக்குள் அழுக்கு சேர்ந்திருக்கும் என்று அதன் பிடியைத் தூக்கினேன் பாருங்கள், பீய்ச்சியடித்த வெந்நீரில் நான் குதித்த குதியில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து "யாராவது விழுந்துட்டாங்களா?" என்று விசாரித்துவிட்டுப் போனார். வாளி வைத்தேன், நிரம்பியது. அண்டா வைத்தேன், அதுவும் நிரம்பியது. "இப்பவாவது போன் போடறீங்களா?" என்றாள் அத்தை. ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. பழைய துடைப்பக் கட்டையின் நுனியைச் சீவி, அறுந்த செருப்பின் ரப்பரை அதில் சுற்றி, வால்விலிருந்து இறங்குகிற குழாயின் வாயில் வைத்துச் சுத்தியலால் நாலு போடு போட்டேன். ஒழுகல் நின்றது! தொழிற்சாலைப் பழக்கம் விடுமா? "தற்காலிக ஏற்பாடு" என்று ஒரு சீட்டு எழுதி, தேதி, நேரம், கையொப்பம் எல்லாம் போட்டு அந்தக் கட்டையில் கட்டித் தொங்கவிட்டேன்.

அரைமணி நேரம் போயிருக்கும். டேங்க் "டொக்" என்றது. அப்புறம் "டொக் டொக்". அப்புறம் உள்ளே யாரோ பீரோவை நகர்த்துகிற மாதிரி ஒரு உறுமல். அத்தை வந்து கட்டையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், நேரே கூடத்துக்குப் போனாள். நான் ஓய்வு பெற்ற அன்று தொழிலாளர்கள் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்களே, நானே எழுதிய பாதுகாப்பு விதிகள், அதன் முன்னால் நின்று உரக்கப் படித்தாள். "நாலாவது விதி. சேஃப்டி வால்வை எக்காரணம் கொண்டும் அடைக்காதே. அடைத்தால் டேங்க் வெடிக்கும்." அப்புறம் திரும்பி, "அடியில இருக்கிறது யாரு கையெழுத்துங்க?" என்றாள். ஊருக்குத்தான் உபதேசம் என்று இனி யாரையாவது சொல்ல எனக்கு யோக்யதை உண்டா?

பழைய விசிலைத் தேடியெடுத்து ஊதிக்கொண்டே மாடிப்படியில் இறங்கினேன். எங்கள் குடியிருப்பின் ஆறு குடும்பமும் முற்றத்தில் வந்து நின்றது. இடுப்பில் ஈரத் துண்டு, வாயில் விசில், அந்தக் கோலத்தில் எல்லாரையும் வரிசையில் நிறுத்தித் தலை எண்ணினேன். ஒன்று குறைந்தது. மறுபடி எண்ணினேன், மறுபடியும் ஒன்று குறைந்தது. அந்த ஒன்று உங்கள் அத்தை. முப்பத்தொரு வருஷத்தில் ஒரு ஆளைக்கூட உள்ளே விட்டுவிட்டு வெளியே வந்தவனில்லை நான். விழுந்தடித்து மேலே ஓடினேன். பாதிப் படியில் அவள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வருகிறாள்.

"ஏன் இப்படி ஓடறீங்க? மெயின் சுவிட்சை அணைச்சுட்டு, சமையலறையில வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டேன். டேங்க் அடங்கிடுச்சு. மாட்டின அன்னைக்கே மாப்பிள்ளை சொல்லிக் குடுத்தாரு. நீங்க அப்போ பேப்பர் படிச்சுக்கிட்டிருந்தீங்க."

அந்தப் பேப்பரில் என்ன போட்டிருந்தது என்று ஒரு வரிகூட எனக்கு ஞாபகமில்லை. நீங்கள் சொன்னதை அவள் ஞாபகம் வைத்திருந்தாள், அதனால் எங்களுக்கு உயிர் மிஞ்சியது. அன்றைக்கு நான் கேட்ட கேள்விக்கு இன்றைக்கு வெட்கப்படுகிறேன். நேரில் பார்க்கும்போது எத்தனை பேர் நின்றாலும் சரி, அத்தனை பேர் முன்னாலும் சொல்வேன்: கட்டை என்னுடையது, தப்பும் என்னுடையது. சத்தியம்.

டேங்க் அணைந்தே கிடக்கிறது. கட்டையை யாரும் தொடவில்லை. அவசரப்பட்டு அலைய வேண்டாம், தோதுப்படும்போது வந்தால் போதும். நீங்கள் இருவரும் நீடூழி வாழ, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு வந்து ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்.

பின்குறிப்பு: தபால்தலை வாங்கிக்கொண்டு திரும்பினால் எங்கள் குளியலறையில் நீங்களே நிற்கிறீர்கள். அத்தை போன் போட்டிருக்கிறாள். பக்கத்தில் குடியிருப்புச் செயலாளர், "எவன் சார் இப்படி அடைச்சு வச்சது?" என்று கத்துகிறார். "எனக்கென்ன சார் தெரியும்?" என்று சொன்னது சாட்சாத் நான்தான். மேலே செய்த சத்தியம் அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தது. நீங்கள் கட்டையைப் பிடுங்கினீர்கள், சீட்டைப் படித்தீர்கள், கையெழுத்தைப் பார்த்தீர்கள். இரண்டையும் பைக்குள் போட்டுக்கொண்டு, "வால்வு கோளாறு சார். மாமா மட்டும் விசில் ஊதலைன்னா நீங்க யாரும் வெளியே வந்திருக்க மாட்டீங்க" என்றீர்கள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன், வெட்கங்கெட்டவன். இப்போது புது வால்வை மாட்டிவிட்டுக் கூடத்தில் காபி குடித்துக்கொண்டிருக்கிறீர்கள். இந்தக் கடிதத்தை உங்கள் பைக்குள் அந்தக் கட்டைக்குப் பக்கத்தில் வைக்கிறேன். வீட்டுக்குப் போய்ப் படித்துவிட்டு ஒரு போன் போடுங்கள். நானே எடுப்பேன். அத்தையிடம் கொடுக்க மாட்டேன்.