மீன்குளத்தை மூடுவது தொடர்பாக

ஜோர்ஜ்டவுன்,
ஞாயிற்றுக்கிழமை

அன்புள்ள மகள் ரூபினிக்கு,

அப்பா எழுதுவது. நலமாக இருக்கிறேன் என்று தொடங்குவது முறை. ஆகவே நலமாக இருக்கிறேன். மாப்பிள்ளைக்கும் பேரனுக்கும் என் அன்பு. கொல்லைக் குளத்தை மூடி, வீட்டைப் பூட்டிவிட்டு மெல்பர்னுக்கே வந்துவிடுங்கள் என்று நீ போனில் சொன்னதற்கு இத்துடன் சம்மதம் தெரிவிக்கிறேன். முப்பத்தைந்து வருடம் கிளார்க்காக இருந்தவன். காரணம் எழுதாமல் விட மனம் வரவில்லை.

அம்மா வளர்த்த ஏழு மீன்களில் ஆறு செத்துவிட்டன. கொன்றவன் நான். தொடங்கி வைத்தவர்கள் அவளுடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்த சொந்தக்காரர்கள். சாப்பிட்டுக் கை கழுவப் போன ஒவ்வொருவரும், "யோகம்மா வளத்த மீனு, பாவம், பட்டினியா கிடக்கும்" என்று ஆளுக்கொரு வடையைப் பிய்த்துப் போட்டார்கள். நாற்பது பேர், நாற்பது வடை. உன் சின்னம்மா அழுதுகொண்டே பாயாசத்தையும் ஊற்றினாள். மூன்றாம் நாள் தண்ணீர் பச்சையாகி நாறியது. அம்மா பார்த்தால் என்ன சொல்வாள் என்று பதறி, மீன்களை வாளிகளில் எடுத்துவிட்டு, குளத்தை இறைத்து, கல்லைத் தேய்த்து, வடிகட்டிப் பஞ்சைச் சவர்க்காரம் போட்டு வெள்ளை வெளேரென்று துவைத்து, குழாயைத் திறந்து நிரப்பி, மீன்களை விட்டேன். அவ்வளவு சுத்தமான குளத்தை நீ பார்த்திருக்கவே மாட்டாய். மறுநாள் காலை ஆறும் மல்லாந்து மிதந்தன. ஒன்று மட்டும் பிழைத்தது. அதை வாளியிலேயே மறந்துவிட்டிருந்தேன்.

மீன் கடை முஸ்தஃபா வந்து தலையில் கை வைத்தார். "என்னா அங்கிள் இப்படிப் பண்ணிட்டீங்க? அந்தப் பஞ்சுல இருக்கிற அழுக்குதான் தண்ணியக் காப்பாத்துது லா. பைப் தண்ணியில குளோரின் இருக்கு. யோகம்மா அக்கா ட்ரம்ல பிடிச்சு, ரெண்டு நாள் வச்சுத்தானே ஊத்துவாங்க?"

அந்த நீல ட்ரம்! தண்ணீர் வெட்டுக்குப் பயந்து வைத்திருக்கிறாள் என்று எத்தனை வருடம் கேலி செய்தேன். கொசு முட்டையிடும் என்று, அவள் போன மறுவாரமே பழைய சாமான் லாரியில் ஏற்றிவிட்டேன். அவள் கொல்லையில் என்னதான் செய்கிறாள் என்று ஒரு நாள்கூட நான் கேட்டதில்லை, ரூபினி.

முஸ்தஃபா மருந்து போட்டுத் தண்ணீரைச் சரிசெய்து, மிஞ்சிய அந்தக் கறுப்பு மீனைக் குளத்தில் விட்டிருக்கிறார். நாளை வந்து அதையும் எடுத்துக்கொள்வார். மண் லாரிக்கும் சொல்லிவிட்டேன். நீ டிக்கெட் போட்டுவிடு.

தண்ணீர்மலையான் உங்கள் மூவரையும் ஒரு குறையுமில்லாமல் வைத்திருக்கட்டும்.

அன்புடன் அப்பா,
தியாகராஜா

பி.கு.: இன்று திங்கள். உறையை ஒட்டுவதற்குள் முஸ்தஃபா வலையுடன் வந்துவிட்டார். தீனி போட்டும் மீன் மேலே வரவில்லை. அவர் கொஞ்சம் கூச்சத்துடன் குனிந்து, "தியாகராஜா! தியாகராஜா!" என்று கூப்பிட்டார். நான் "என்ன?" என்றேன். "உங்கள இல்ல அங்கிள், மீன. அக்கா வச்ச பேரு. எத்தன தடவ கூப்பிட்டாலும் லேட்டாத்தான் வரும், ஆனா வராம இருக்காதுன்னு சொல்வாங்க." வலையையும் மண் லாரியையும் திருப்பி அனுப்பிவிட்டேன். டிக்கெட் வேண்டாம், ரூபினி. புது ட்ரம் வாங்கித் தண்ணீர் பிடித்து, கொசு வராமல் மூடியும் போட்டிருக்கிறேன். அது இரண்டு நாள் நிற்க வேண்டும். அதை ஊற்றியதும் அடுத்த ட்ரம் பிடிக்க வேண்டும்.