கடலில் போட்ட மூட்டை முடிச்சு

அன்று படகில் இருந்தவர்கள் நான்கு பேர். ஸ்கூபா சொல்லித்தரும் ரெஜினா மேடம், படகு ஓட்டும் தனசேகர் மாமா, கடலுக்கடியில் மீனைப் பார்த்தே தீருவேன் என்று விழுப்புரத்திலிருந்து வந்திருந்த ஜவுளிக்கடைக்காரர், அப்புறம் நான். (என் பயத்துக்கும் ஒரு இடம் பிடித்திருந்தால் ஐந்து.)

எனக்கு அது சோதனை நாள். சரியாகச் செய்தால் வேலை நிரந்தரம். வேலை இருந்தால்தான் மகள் மகேஸ்வரியைக் கொடுப்பேன் என்று மாமா சொல்லியிருந்தார்.

எட்டாவதோடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுவிட்டு, திண்டிவனத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை கட்டிக்கொண்டிருந்தவன் நான். அங்கே போடுகிற முடிச்சு லாரி சென்னை போய்ச் சேரும்வரை அசையக் கூடாது. அதை யாரும் அவிழ்க்க மாட்டார்கள், அறுப்பார்கள்.

கரையிலேயே மேடம் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தார். காற்று சிலிண்டரையும் அது மாட்டியிருக்கும் ஜாக்கெட்டையும் கயிற்றில் கட்டிக் கடலில் மிதக்கவிட வேண்டும். ஆள் தண்ணீரில் இறங்கி அதை மாட்டிக்கொண்டதும் கயிற்றை விடுவிக்க வேண்டும். முடிச்சு பாரத்தைத் தாங்கவும் வேண்டும், நுனியை இழுத்தால் சட்டென்று அவிழவும் வேண்டும். அப்படியே கட்டிக் காட்டினேன். பாராட்டினார்.

படகில் ஏறியதும் அந்த முடிச்சையே பார்த்துக்கொண்டிருந்தேன். இழுத்தால் அவிழ்வதெல்லாம் ஒரு முடிச்சா? அலை இழுத்தால்? மீன் இழுத்தால்? சிலிண்டர் அடியில் போனால் மகேஸ்வரியும் கூடவே போய்விடுவாளே? யாரும் பார்க்காதபோது அதன்மேல் ஒரு மூட்டை முடிச்சு போட்டேன். அதற்குத் துணையாக இன்னும் மூன்று.

ஜவுளிக்கடைக்காரர் கடலில் இறங்கி, ஜாக்கெட்டை மாட்டி, பட்டைகளை இறுக்கிக்கொண்டார். மேடம் நுனியை இழுத்தார். நனைந்த கயிறு இன்னும் இறுகியது. மூன்று பேரும் மாறி மாறி நகத்தைத் தேய்த்தோம்.

"இன்னா தம்பி, கன்னுக்குட்டிய கட்டற மாரி கட்டி வெச்சிக்கினு நிக்கிற?" என்று கேட்டார் அவர், அலையோடு ஏறி இறங்கியபடி.

சரி, அறுத்துவிடலாம் என்று மேடம் படகில் மாட்டியிருந்த கத்தியை உருவினார். வரவில்லை. அதையும் உறையோடு சேர்த்துக் கட்டியிருந்தேன்.

மாமா என்னையே பார்த்தார். "டேய், கத்தியையுமா கட்டின?"

"கடல்ல உழுந்துட்டா இன்னா மாமா பண்றது?"

மாமா பல்லால் கடித்து அவிழ்த்து முடிப்பதற்குள் கடல் காற்று வலுத்துவிட்டது. இனி இறங்க வேண்டாம் என்று மேடம் படகைத் திருப்பச் சொன்னார். ஜவுளிக்கடைக்காரர் அன்று பார்த்த ஒரே மீன், மாமாவின் டிபன் பாக்ஸில் குழம்புக்குள் கிடந்தது.

கரை வந்து சேர்வதற்குள் என் மனசில் மகேஸ்வரிக்கு வேறு இடத்தில் கல்யாணமாகி, குழந்தைக்குக் காதும் குத்திவிட்டார்கள். ஆனால் மேடம் அந்தக் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "படகுல எதையும் தொடாத தம்பி. வேன்ல சிலிண்டர் ஏத்தற வேல இருக்கு. அங்க இப்டியே கட்டு."

வேன் போகிற கிளியனூர் பக்கத்துப் பள்ளம் மேட்டில் இதுவரை ஒரு சிலிண்டரும் உருண்டதில்லை.

மணமேடையில் தாலியைக் கையில் வாங்கியதும், எந்த முடிச்சைப் போடுவது என்று தயங்கினேன். பின்னாலிருந்து மாமா குனிந்து, மேளத்தையும் மீறிக் கேட்கிற குரலில் சொன்னார்: "மாப்ள, இத அவுக்கற வேல இல்ல. பயப்படாம உன் கட்டு கட்டு."

மகேஸ்வரி தலையைக் குனிந்துகொண்டாள். கழுத்து மாலை மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. இன்றும் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், தாலி கட்டும் நேரத்தில் எங்கள் சொந்தக்காரர்கள் மாப்பிள்ளையைப் பார்ப்பதில்லை. திரும்பி என்னைத்தான் பார்க்கிறார்கள்.