பேட்டரிப் பெட்டியில் முப்பத்தேழு ஓட்டைகள்

ஒரு காட்டில் மழைக்காலம் வந்தால் தரையில் கூடு கட்டும் பறவைகளின் முட்டைகளை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் மேட்டில் இருந்த வன நல அலுவலகத்தின் கோடி அறையில் ஒரு குஞ்சு பொரிப்பகம் திறந்தார்கள். பல்புச் சூட்டில் முட்டைகள் பொரியும். அந்த வருஷம் நாற்பத்திரண்டு முட்டைகள் சேர்ந்திருந்தன. அதில் ஒன்பது, செல்லாயி என்ற கவுதாரி இட்டவை. போன வருஷம் அவள் ஒரு குஞ்சைக்கூடப் பார்க்கவில்லை.

அந்தக் காட்டில் கரண்ட் அடிக்கடி போகும். போனால் பேட்டரிதான் கதி. பழைய பேட்டரிக்கு மாதாமாதம் தண்ணீர் ஊற்ற வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் ஆசிட் வழியும். ஒரு குரங்குக்கு வால்முடி பாதி போனது அப்படித்தான். அதனால் இந்த முறை சீல் செய்த லெட் ஆசிட் பேட்டரி வரவழைத்தார்கள்.

எலக்ட்ரீஷியன் வடிவாம்பாள் அதை மாட்டினாள். அவள் ஒரு முள்ளம்பன்றி. ஒயரைச் சீவத் தனியாகக் கத்தி வாங்கியதில்லை.

அலுவலகத் தலைவர் ஏகாம்பரம் பார்வையிட வந்தார். பெரிய கரடி.

"இதுல என்னம்மா விசேஷம்?"

"தண்ணி ஊத்த வேண்டாம் சார். படுக்க வச்சாலும் ஒழுகாது. சூடு மட்டும் இதுக்கு ஆகாது. காலியான நிலையில ரொம்ப நாள் போட்டு வைக்கக் கூடாது. காத்தாட இருக்கணும்."

"சீல் பண்ணினதுன்னு சொன்னீங்க. அதுக்கு எதுக்குக் காத்து?"

"மேல சின்னதா ஒரு வால்வு இருக்கு சார். சார்ஜ் அதிகமாப் போனா உள்ள வாயு சேரும். அது வால்வு வழியா வெளிய வரும். வந்த வாயு கலைஞ்சு போகணும். அடைச்ச இடத்துல நின்னா, ஒரு பொறி போதும், வெடிச்சிடும்."

ஏகாம்பரத்துக்கு 'வெடிச்சிடும்' மட்டும் நன்றாகக் கேட்டது. மறுநாளே தேக்குப் பலகையில் ஒரு பெட்டி செய்து, பேட்டரியையும் சார்ஜரையும் உள்ளே வைத்து, இண்டு இடுக்கெல்லாம் அரக்கு ஊற்றி அடைத்தார். 'பாதுகாப்பானது' என்று மேலே எழுதியும் வைத்தார்.

வடிவாம்பாள் பதறிப்போய் ஓடினாள். "சார், இதுல ஓட்டை போடணும்."

"அரசாங்கப் பெட்டிம்மா. படிவம் ஒன்பதுல எழுதிக் குடுங்க."

எழுதிக் கொடுத்தாள். எத்தனை ஓட்டை என்று கேட்டுத் திரும்பி வந்தது. பத்து என்று எழுதினாள். வட்டமா, சதுரமா என்று கேட்டுத் திரும்பி வந்தது. வட்டம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, தினமும் இருட்டிய பிறகு வந்து பெட்டியின் மேல்பலகையைத் தொட்டுச் சூடு பார்த்துவிட்டுப் போனாள்.

பெட்டி இருந்த இடம் வராந்தா. அங்கேதான் அலுவலக வரிசையும் நிற்கும். அந்த வாரம் வரிசையில் கொண்டையப்பன் என்ற மரங்கொத்தி நின்றான். மரம் கொத்த உரிமம் வேண்டும் என்று புதிதாகச் சட்டம் வந்திருந்தது. நாலு நாளாக வரிசை நகரவில்லை. அவன் நின்ற இடத்துக்கு நேர் எதிரே அந்தப் பெட்டியின் பக்கப் பலகை. சும்மா நிற்க முடியாமல் மூக்கால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். நல்ல தேக்கு. நாலு நாளில் முப்பத்தேழு ஓட்டை விழுந்தது. யாரும் கவனிக்கவில்லை. வரிசையில் நிற்பவர்கள் முன்னால் நிற்பவரின் முதுகைத்தான் பார்ப்பார்கள்.

ஐந்தாம் நாள் காலை சார்ஜர் கெட்டது. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல் பேட்டரிக்குள் மின்சாரத்தை ஏற்றிக்கொண்டே போனது. கொஞ்ச நேரத்தில் வராந்தா முழுக்க அழுகிய முட்டை நாற்றம்.

ஏகாம்பரம் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தார். "முட்டை எல்லாம் கெட்டுப்போச்சு. எடுத்துக் குழியில கொட்டுங்க. யாராவது சாம்பிராணி போடுங்க."

செல்லாயி பொரிப்பக வாசலில் சிறகை விரித்து நின்றுவிட்டாள். கரடியின் கால் நகம் அளவுதான் இருந்தாள்.

"என் முட்டை கெடலைங்க. காலையிலதான் காதை வச்சுக் கேட்டேன். உள்ள கொத்துற சத்தம் வருது."

"நாத்தம் பொய் சொல்லுமா?"

அதற்குள் ஒரு நரி தணல் நிரம்பிய சட்டியோடு வந்துகொண்டிருந்தது. அப்போதுதான் வடிவாம்பாள் படியேறினாள். மூக்கை உறிஞ்சினாள். பெட்டியில் ஓட்டைகளைப் பார்த்தாள். ஒன்றில் மூக்கை வைத்தாள். நெருப்புச் சட்டியைப் பார்த்ததும் அவளுடைய முள்ளெல்லாம் எழுந்து நின்றன.

"அந்த நெருப்பை வெளிய கொண்டு போங்க," என்றாள். குரலை உயர்த்தவில்லை. நரி முட்களைப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாகவே நடந்து போனது.

வெளியே மரத்தடியில் இருந்த மெயினை அணைத்துவிட்டு வந்தாள். "நாத்தம் முட்டையில இல்ல சார். பேட்டரி கொதிச்சிருக்கு, அளவுக்கு மீறி சார்ஜ் ஏறினா அழுகின முட்டை மாதிரிதான் நாறும். இந்த ஓட்டை இல்லாம இருந்திருந்தா வாயு மொத்தமும் உள்ளயே நின்னு, சார்ஜர் பொறியிலயே இந்த வராந்தா போயிருக்கும்."

பல்புகள் அணைந்திருந்த ஒரு மணி நேரமும் பறவைகள் முட்டைகள் மேல் மாறி மாறி உட்கார்ந்து சூடு கொடுத்தன. வாயு கலைந்து, பேட்டரி ஆறி, வேறு சார்ஜர் மாட்டினார்கள். சாயங்காலம் செல்லாயியின் முதல் முட்டை பொரிந்தது. மூன்று நாளில் நாற்பத்திரண்டும் பொரிந்தன. காட்டில் அந்த வாரம் யாருக்கும் தூக்கமில்லை. அவ்வளவு கீச்சுச் சத்தம்.

விசாரணை நடந்தது. காற்றோட்டமுள்ள பெட்டி செய்ததற்காக ஏகாம்பரத்துக்குப் பாராட்டுப் பத்திரம் கிடைத்தது. ஓட்டை ஏற்கெனவே இருப்பதால் வடிவாம்பாளின் விண்ணப்பம் முடித்து வைக்கப்பட்டது. உரிமம் வாங்கும் முன்பே கொத்தியதால் கொண்டையப்பனின் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மறுபடி முதலிலிருந்து நிற்கச் சொன்னார்கள்.

அவன் வரிசையின் கடைசிக்குப் போனான். வடிவாம்பாள் பக்கத்தில் வந்து நின்றாள்.

"தம்பி, புதுசா ஜெனரேட்டர் வந்திருக்கு, நாளைக்கு அந்த ரூமையும் பலகை வச்சு அடைக்கப் போறாங்க. வரிசை இனிமே அந்தப் பக்கமாத்தான் போகும்."

"எத்தனை நாள் ஆகும்க்கா?"

"அவசரப்படாம நில்லு."

நீதி: வரிசை நகரவில்லையே என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். இந்தக் காட்டில் பாதுகாப்பு ஏற்பாடு என்று இருப்பது அது ஒன்றுதான்.