அசல் சத்தம்

மனிதகுலம் கண்ட மாபெரும் சாதனைகள் மூன்று: நெருப்பு, சக்கரம், தொடுதிரை. முதல் இரண்டையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்த அந்த அருங்காட்சியகத்துக்கு, மூன்றாவது வந்து இறங்கிய பிறகுதான் விடிவு பிறந்தது.

அங்கே ஒரு மண்சாடி இருந்தது. வயது மூவாயிரம். நானூற்றுப் பன்னிரண்டு துண்டுகளாகக் கிடைத்ததை இரண்டு வருடம் உட்கார்ந்து ஒட்டி நிமிர்த்தியவர் காப்பாட்சியர் அம்மாள். பெற்ற பிள்ளையைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை என்று வீட்டுக்காரரே சொல்வார். பிள்ளையும் ஆமாம் போடும்.

'நவீனமயமாக்கல் குழு' கூடியது. இயக்குநரோடு சேர்த்து ஏழு பேர்; காப்பாட்சியர் அம்மாள் அதில் சேர்த்தியில்லை, விளக்கம் சொல்ல மட்டும் அழைத்திருந்தார்கள்.

"சாடியைத் தொட்டா என்ன நடக்கும்?" என்று கேட்டார் இயக்குநர்.

"ஒண்ணும் நடக்காது சார். அது பாட்டுக்கு நிக்கும்," என்றார் காப்பாட்சியர்.

"பாத்தீங்களா! பார்வையாளருக்கு அது எந்த ஒத்துழைப்பும் குடுக்கல."

ஆகவே திரையில் ஒரு விளையாட்டு வைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானமாயிற்று. விரலால் தட்டினால் சாடி உடையும். துண்டுகளை இழுத்து ஒட்டலாம். இரண்டு வருட வேலை நாற்பது விநாடியில் முடிந்துவிடும். அறிவு இவ்வளவு வேகமாக வளர்ந்ததாகச் சரித்திரம் கிடையாது.

"பக்கத்துல நிஜச் சாடியும் இருக்கணும் சார். அது ஒண்ணு போதும் எனக்கு."

"தாராளமா இருக்கட்டும்மா. யாரு வேணாம்னா?"

பிறகு 'தொடுதிரையை நேசிப்போம்' என்ற மூன்று நாள் பயிற்சிக்கு அவரை அனுப்பிவைத்தார்கள். நேசித்துவிட்டுத் திரும்பியபோது சாடி நின்ற மேடையில் ஒரு தட்டு இருந்தது. தட்டில் துண்டுகள். அம்மாள் பக்கத்தில் நின்ற இயக்குநரிடம் திரும்பினார்.

"என்ன சார் இது?"

"பதறாதீங்க மேடம்," என்று குறுக்கே வந்தார் குழுவில் இருந்த மல்டிமீடியா வடிவமைப்பாளர். "விளையாட்டுக்கு உடையிற சத்தம் வேணும்ல? கடையில வாங்கின பானையை உடைச்சுப் பாத்தோம். அசல் மாதிரி வரல. பார்வையாளரை ஏமாத்தலாமா, சொல்லுங்க?"

"அதுக்கு?"

"குழுவே கூடி மெதுவாத் தட்டிப் பாத்தோம். ஆளுக்கு ஒரு தட்டு. ஏழாவது, சார் தட்டினது."

இயக்குநர் அடக்கத்தோடு தலைகுனிந்தார். "கேளுங்கம்மா, எவ்வளவு தத்ரூபமா வந்திருக்கு!" என்று திரையை அமுக்கினார்.

சாடி உடைந்தது. அம்மாள் வாய்விட்டு அழுதார். ஒலித்தரம் கேட்போர் மனதை உருக்குவதாகக் குழு உடனே குறிப்பேட்டில் பதிந்துகொண்டது.

திறப்பு விழாவுக்கு ஒரு மணி நேரம்தான் இருந்தது. "துண்டுகளையும் காட்சிக்கு வெச்சிடுவோம்மா," என்றார் இயக்குநர் பெருந்தன்மையோடு. "நீங்களே ஒரு விளக்க அட்டை எழுதிடுங்க. யாரு செஞ்சாங்க, எப்போ உடைஞ்சுதுன்னு, வழக்கம்போல. இந்தக் காலத்துல யாரு அதையெல்லாம் படிக்கிறாங்க?"

அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினார். கதவு திறந்தது. பார்வையாளர்கள் திரையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. தட்டைச் சுற்றி நின்று, ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் கேட்டார்கள்:

"மண்சாடி. செய்த காலம்: மூவாயிரம் ஆண்டுகளுக்கு முன். செய்தவர்: பெயர் தெரியவில்லை. உடைந்த காலம்: சென்ற புதன்கிழமை. உடைத்தவர்கள்: ஏழு பேர். பெயரும் பதவியும் கீழே."