கப்பலில் உங்கள் தம்பியை நிற்க வைத்த விவரம்

அன்பும் மதிப்பும் மிக்க பெரிய அக்கா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மனைவி பணிவுடன் எழுதிக்கொள்வது. ஆண்டவன் அருளால் நேற்று வீடு வந்து சேர்ந்தோம். பூட்டிய பூட்டு பூட்டியபடி இருக்கிறது, செடிகள் வாடவில்லை, உங்கள் தம்பி கொஞ்சம் இளைத்திருக்கிறார். உங்கள் முழங்கால் இப்போது மாடிப்படிக்கு ஒத்துழைக்கும் என்று நம்புகிறேன்.

"கடல் குமட்டலுக்கு நான் கட்டிக் கொடுத்ததுல எது வேலை செஞ்சுது, எது வீணாப் போச்சு? அடுத்த மாசம் நானும் கப்பல் ஏறணும், முகத்துக்காகச் சொல்லாம உள்ளதை எழுது" என்று போனில் கேட்டீர்கள். எழுதுகிறேன். உள்ளதை எழுதினால் உங்கள் தம்பியின் மானம் சற்றே போகும். இடுப்பில் தூக்கி வளர்த்த உங்களுக்குத் தெரியாத மானமா என்று துணிந்து எழுதுகிறேன்.

நம் பெண் கப்பல் வேலைக்குப் போகிறேன் என்று சொன்ன நாளிலிருந்து அவர் அவளோடு போனில் பேசியதில்லை. சண்டை என்றும் சொல்ல முடியாது. அவள் கூப்பிட்டால், "இரு, உங்கம்மா இருக்கா" என்று போனை என்னிடம் நீட்டிவிடுவார், அவ்வளவுதான். அவள் அதிகாரியாகி, குடும்பத்துக்கென்று கிடைத்த அறையில் வந்து தங்கச் சொன்னதும் மறுபேச்சில்லாமல் பெட்டி கட்டினாரே, அதுவே என் பிரார்த்தனைக்குக் கிடைத்த பாதி. மீதிப் பாதி, அவள் கப்பல் ஓட்டும் அறையில் நின்று வேலை செய்வதை அவர் ஒரே ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும். விருந்தும் ஆட்டபாட்டமும் எனக்கு எதற்கு? அதற்குத்தான் போனேன்.

மருந்துக்கடைக்காரர் படித்துப் படித்துச் சொன்னார், குமட்டல் மாத்திரையைக் கப்பல் ஏறும் முன்பே போட்டுவிட வேண்டும் என்று. உங்கள் தம்பியா கேட்பார்? "வராத வியாதிக்கு எதுக்கு மாத்திரை? நான் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டினவன். ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி எத்தனை தடவை இறங்கியிருப்பேன்? எனக்கா குமட்டும்?" என்று அந்தக் கடைக்காரரிடமே கேட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவர்களுக்கும் ஒரு பார்வை பார்த்துவிட்டு வந்தார். கரை மறையும் வரை கம்பியைப் பிடித்தபடி, கப்பல் என்னவோ தம்முடைய பொத்தானை அமுக்கித்தான் கிளம்பியது போல நின்றார். கரை மறைந்தது, அக்கா. பிறகு அவருடைய முகமும் மறைந்துவிட்டது, துண்டுக்குள். அதற்கப்புறம் மாத்திரையைக் கொடுத்தேன், போன வேகத்தில் வந்தது. தண்ணீர் கொடுத்தேன், அதுவும் வந்தது. வீட்டுக் கணக்கில் வரவையும் செலவையும் இத்தனை துல்லியமாக நான் ஒருநாளும் சரிக்கட்டியதில்லை.

இதில் அவர் செய்த இன்னொரு காரியம் உண்டு, லிஃப்ட் ஓட்டினவர் மட்டுமே செய்யக்கூடியது. அறைக்கதவைச் சாத்திவிட்டு, அதற்கு எதிரே நாற்காலி போட்டு, கதவையே முறைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ஏன் இப்படி?" என்றேன். "கதவைப் பார்த்துட்டு நின்னா எதுவும் தெரியாது. தொழில் ரகசியம்" என்றார். ரகசியம் தெரிந்த கொஞ்ச நேரத்தில் மறுபடி குளியலறைக்கு ஓடினார்.

இனி உங்கள் மருந்துகளுக்கு வருகிறேன். நீங்கள் தேனில் ஊறப்போட்ட இஞ்சி நல்ல பொருள், வஞ்சனையில்லாத பொருள். ஒரு துண்டை அடக்கிக்கொண்டால் குமட்டல் பாதி அடங்குகிறது, ஆள் முழு விழிப்பாக இருக்கிறார். ஆனால் எழுந்தால் தள்ளாடுகிறார். மறுநாள் வயிறு கொஞ்சம் நின்றதும் போட்ட மாத்திரையோ ஆளை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டது. ஆனால் தூங்குகிறார். பெண் கப்பல் ஓட்டும் அறைக்கு எங்களை அழைத்துப்போக அனுமதி வாங்கி வைத்துக்கொண்டு மேலே காத்திருக்க, இவர் சாப்பாட்டுக் கூடத்தில் கரண்டியைக் கையில் பிடித்தபடி, முதுகு வளையாமல், வாய் திறந்து தூங்கினார். பரிமாற வந்தவர் தியானம் என்று நினைத்து நகர்ந்துவிட்டார். ஆக, இஞ்சி போட்டால் முழித்திருப்பார், நிற்க மாட்டார். மாத்திரை போட்டால் நிமிர்ந்திருப்பார், முழிக்க மாட்டார். முழிக்கவும் நிற்கவும் வேண்டிய ஆளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன், சொல்லுங்கள்.

இனி கடைசி நாள் காலை மட்டும்தான் அனுமதி என்று பெண் வந்து சொன்னாள். சொல்லும்போது சிரித்தாள். பெற்றவளுக்குத் தெரியாதா அந்தச் சிரிப்பு? அன்றைக்கு நான் மண்டியிட்டு, "சொர்க்கம்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், இவரை ஒரு பத்து நிமிஷம் நிற்க வை" என்று வேண்டிக்கொண்டேன்.

எழுந்தபோது அவள் கதவருகே நின்று, நாற்காலியை, கதவை, அவரை மாறி மாறிப் பார்த்தாள். "அப்பா, இங்க உட்கார்ந்தா கண்ணு நிக்குதுங்குது, காது ஆடுதுங்குது. ரெண்டுக்கும் நடுவுல வயிறு என்ன பண்ணும்? வெளிய வாங்க. லிஃப்ட்ல மாடி நம்பரையே பார்ப்பீங்கள்ல, அதே மாதிரி தூரத்துல கடலும் வானமும் சேர்ற கோட்டைப் பாருங்க. அது ஒரே மாடிப்பா. மாறவே மாறாது."

நான் சொல்லியிருந்தால் வாதாடியிருப்பார். அவள் சொன்னதும் எழுந்து போனார்! கப்பலின் நடுப்பக்கம், ஆட்டம் குறைந்த இடமாகப் பார்த்து உட்கார வைத்தோம். மாத்திரையை நிறுத்தினேன். நீங்கள் கொடுத்த, குமட்டல் நரம்பை அமுக்கும் பொத்தான் வைத்த பட்டையை இரண்டு கையிலும் மணிக்கட்டு ரேகைக்கு மூன்று விரல் தள்ளி மாட்டினேன். வெறும் பிஸ்கட், பச்சை ஆப்பிளில் ஒரு கீற்று, கன்னத்தில் இஞ்சி, முகர்ந்து பார்க்கச் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம். மளிகைக்கடை நடந்து வருவது போலத்தான் இருந்தார். ஆனால் நடந்தார், அக்கா!

கடைசி நாள் காலையில் மேலே போனோம். சுற்றிலும் கண்ணாடி, எங்கே திரும்பினாலும் அந்தக் கோடு. நடுவில் வெள்ளைச் சட்டையில் நம் பெண். சுக்கான் பிடித்து நின்றவர் அவளைப்போல இரண்டு மடங்கு ஆள். அவள் திசைக்கு ஒரு எண்ணைச் சொல்கிறாள், அவர் அதையே திருப்பிச் சொல்லிவிட்டுத் திருப்புகிறார், இத்தனை பெரிய கப்பல் மூக்கைத் திருப்புகிறது. உங்கள் தம்பி என் காதில், "நானும் இப்படித்தான் மாடியைத் திருப்பிச் சொல்லிட்டுத்தான் கதவைச் சாத்துவேன். சொல்றவங்கதான் பெரிய ஆளுங்க" என்றார். குரல் சரியாக இல்லை. குமட்டல் என்று நினைத்துத் துண்டை எடுத்தேன், அது அதற்கல்ல.

அப்போதுதான் அவளுடைய கை நீண்டது. சட்டைக் கைக்குள் அதே பட்டை. கன்னத்திலும் ஒரு பக்கம் லேசாக உப்பியிருந்தது.

"உனக்குமா?" என்றார்.

"ஒவ்வொரு தடவையும் இப்படித்தாம்பா."

"ஏன் சொல்லல?"

"சொன்னா இறங்கி வந்துடுன்னு சொல்லுவீங்க."

அவர் பையிலிருந்த எலுமிச்சம்பழத்தை எடுத்து அவளுக்குப் பக்கத்தில் வைத்தார். கப்பல் அசைந்ததில் அது உருண்டது. அவளுடைய கண் கடலை விட்டு அகலவில்லை, கை மட்டும் அதைப் பிடித்துக்கொண்டது. "பத்து மாடி தாண்டினா எனக்கும் காது அடைச்சுத் தலை சுத்தும். உங்கம்மாகிட்டகூடச் சொன்னதில்ல" என்றார். முப்பது வருஷம் கூட வாழ்ந்தவள் பக்கத்தில் நிற்கிறேன், அக்கா, எனக்கு இது புதுச் செய்தி.

பத்து நிமிஷம் கேட்டேன், முழு நேரமும் நின்றார். குமட்டக் குமட்டக் கப்பல் ஓட்டுகிற பெண்ணையும், தலை சுற்றச் சுற்ற மாடி ஏற்றிய மனிதரையும் ஒரே வீட்டில் கொடுத்த ஆண்டவனை என்னவென்று புகழ்வது!

எனக்கோ கப்பலில் ஒரு ஏப்பம்கூடத் தப்பாக வரவில்லை. அதிகாலைப் பிரார்த்தனையும் அளவான சாப்பாடும் உள்ளவளைக் கடல் தொடாது. எனவே நீங்கள் தைரியமாகப் போய் வாருங்கள். மாத்திரை வேண்டுமானால் உங்கள் ரத்த அழுத்தத்தைச் சொல்லி, தூக்கம் தராததாகக் கேட்டு, ஏறும் முன்பே போடுங்கள். மற்றபடி இஞ்சியும் அந்தக் கோடும் போதும். இறங்கிய பிறகு எதுவும் தேவைப்படாது. அத்தான் அவர்களுக்கு எங்கள் வணக்கம், குழந்தைகளுக்கு ஆசிகள். ஆண்டவன் உங்கள் முழங்காலுக்கு வலு கொடுக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி மனைவி

பின்குறிப்பு: இறங்கிய பிறகு எதுவும் தேவைப்படாது என்று மேலே எழுதியதை அடித்துவிடவும். எழுத ஆரம்பித்ததிலிருந்து இந்த மேஜை அலை அலையாக எழும்புகிறது. தரையும்தான். சமையலறைக்குப் போகச் சுவரைப் பிடித்துக்கொண்டு போகிறேன். கப்பலில் தொடாததெல்லாம் வீடு வந்து பிடித்துக்கொண்டது. பிரார்த்தனை பற்றி எழுதிய வரியில் பெருமை கொஞ்சம் கூடிவிட்டது போலிருக்கிறது. உங்கள் தம்பி என் இரண்டு கையிலும் பட்டையை மாட்டி, வாயில் இஞ்சியைத் திணித்து, ஜன்னல் வழியாகத் தூரத்துக் கட்டடத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு, "இரு, தெரிஞ்சவங்களைக் கேக்கறேன்" என்று நம் பெண்ணுக்குத் தாமே போன் போட்டார். தாமாகவே, அக்கா. பேச ஆரம்பித்து வெகு நேரமாகிறது. என் குமட்டலைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை வரவில்லை. நானும் ஞாபகப்படுத்தவில்லை.