ருசி பார்க்காத சாம்பார்

எனக்குப் பொறாமையே கிடையாது என்று எல்லோரும் சொல்வார்கள். அதிகம் பேசாதவளை ஊர் அப்படித்தான் நினைக்கும். உள்ளே கொதித்தது எனக்கல்லவா தெரியும்!

2008-ல் அண்ணாமலை நகரில் ஒரு பெண்கள் ஹாஸ்டலில் சமையல் செய்தேன். சாம்பார் என் பொறுப்பு. பொரியல், புதிதாக நெல்லிக்குப்பத்திலிருந்து வந்த செல்வராணி பொறுப்பு. பரிமாறுவதற்கு முன்னால் மேனேஜர் சார் வருவார். அவள் பொரியலை உள்ளங்கையில் வாங்கித் தின்று பார்த்து, "காரத்தக் கொறச்சிக்கம்மா" என்பார். அவள் பல்லைக் காட்டுவாள். என் அண்டாவை எட்டிக்கூடப் பார்க்காமல் போய்விடுவார். (ஆறு வருஷமா கெடக்கறேன், நான் என்ன அடுப்புக் கல்லா?)

மதிப்பில்லாத இடத்தில் இருப்பானேன் என்று, கடலூரில் ஒரு கேண்டீனுக்கு ஒன்றாம் தேதி வருவதாகச் சொல்லிவிட்டேன். போவதற்குள் ஒரு தடவையாவது அவர் என் சாம்பாரை ருசி பார்க்க வேண்டும். கேட்க வெட்கம். அதனால் ஒருநாள், பதறி வந்து ருசி பார்ப்பார் என்று, அவர் கண்ணெதிரிலேயே உப்பை அள்ளிப் போட்டேன். ஒரு கை. இரண்டு கை. மூன்றாவது கையையும் போட்டேன்.

செல்வராணி அலறினாள். "சார், பெரியம்மா உப்பக் கொட்றாங்க!"

"அக்கா போட்டா கணக்காத்தான் இருக்கும். எறக்குங்கப்பா."

'ஐயோ சார்' என்று நான் கையை நீட்டுவதற்குள் அண்டா போயே போய்விட்டது.

ஐந்தே நிமிஷம். நூற்றைம்பது பெண்களும் தண்ணீர்க் குழாயடியில் நின்றார்கள். வார்டன் அம்மா பாய்ந்து வந்தார்.

"யாரு ருசி பாத்தது?"

"நான்தான் மேடம். என் தப்பு" என்றார் மேனேஜர் சார்.

"இன்னொரு வாட்டி இப்படி நடந்தா, நீங்க வீட்லயே இருந்துக்கலாம்!"

அவர் தலை குனிந்து நின்றதை என்னால் பார்க்க முடியவில்லை. அந்த அம்மா போனதும், பொறாமையில் வேண்டுமென்றே செய்ததை அழுதுகொண்டே சொன்னேன்.

"உன் கைய நம்பித்தானேக்கா உன் அண்டாப் பக்கமே வராம இருந்தேன்!" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

கடலூருக்குப் போன் போட்டு, வரவில்லை என்று சொல்லிவிட்டேன். மறுநாள் மேனேஜர் சார் செல்வராணியைத் தாண்டி நேரே என்னிடம் வந்து உள்ளங்கையை நீட்டினார். ஆசைப்பட்டது கிடைத்தது. சாம்பாரை ஊற்றும்போது எனக்கு அவமானத்தில் உடம்பெல்லாம் கூசியது. ஒரு வருஷம் நீட்டினார் அந்தக் கையை.

இன்றைக்கும் நான் குழம்பு வைத்தால் மருமகள் என் மகனைத் தடுத்துவிடுவாள்.

"இருங்க, சோத்துல ஊத்தாதீங்க! அத்தைக்கு இன்னிக்கு யார் மேல பொறாமைன்னு கேட்டுட்டு வரேன்."